படத்துக்குக் கீழே நான் எழுதிய மூன்று வரிகள்

1

இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிந்த வாரத்தில் எனக்குப் பதினோரு போன் வந்தது. வருட நிறைவுக்கு வாழ்த்துச் சொல்ல யாரும் கூப்பிடவில்லை. அந்தத் தேதி என் கணவருக்கே நினைவில்லை. ஒரு படத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மூன்று வரிகளைப் பாராட்டத்தான் கூப்பிட்டார்கள். இத்தனை வருடத்தில் நான் செய்த எந்தக் காரியத்தையும் நம் ஆட்கள் இப்படிப் பாராட்டியதில்லை. அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்ததும் ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் மேல் இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: சொந்த ஊர் கோவில்பட்டி. இப்போது டெக்சாஸில் பிளானோ. வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கணவர் மனோகர். ஒரே மகள் யாழினி, பதினாறு வயது. நாங்கள் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பதில் ஆங்கிலத்தில் வந்து வந்து, அவளுக்குத் தமிழ் புரியும் என்பதே எங்களுக்குப் பல சமயம் மறந்துபோகும்.

2

மோனிக் ஆவணப்படம் எடுக்கும் பெண். முப்பது வயது இருக்கலாம். கறுப்பினத்தவர், இதே பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவர் எடுத்த படம் நாற்பது நிமிடம் ஓடும். ஃப்ரீவே நெடுஞ்சாலைக்குக் கிழக்கே நான்கு தலைமுறையாக வாழும் கறுப்பினக் குடும்பங்களும், மேற்கே புது வீடுகளில் குவிந்திருக்கும் எங்களைப் போன்றவர்களும் ஒரே கடையில் பால் வாங்குகிறோம். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டுப் படியை இன்னொருவர் மிதித்ததில்லை. ஏன் என்று கேட்கிறது படம். படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முன்பின் தெரியாத எட்டு எட்டுப் பேராக உட்கார வைத்து, இனத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் கேள்வி எழுதிய அட்டைகள் இருக்கும். படம் ஒரு சாக்குதான், பேச்சுக்காகத்தான் இத்தனை பாடும் என்பார் மோனிக்.

இப்படி ஒரு விஷயத்துக்கு நம் ஆட்களை வரவழைப்பது லேசான காரியம் இல்லை. நூலகத்தில் இதை ஏற்பாடு செய்த அம்மா என்னிடம், தமிழ்க் குடும்பங்களிலிருந்து நாற்பது பேராவது வருவார்களா என்று கேட்டார். எனக்கு வழி தெரியும். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு பாட்டு வைத்தால் பெற்றோர் வந்துவிடுவார்கள். ஆனால் தன் பிள்ளை மேடையை விட்டு இறங்கிய மறு நிமிடம் கார் சாவி கையில் வந்துவிடும். அதனால் பாட்டைக் கடைசியில் வைத்தேன். அதற்கும் பிறகு சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நாற்பது கேட்டார்கள், எழுபது பேர் வந்தார்கள். என் சாமர்த்தியத்தில் எனக்கு அன்று ரொம்பப் பெருமை.

படத்தில் எங்கள் வீடும் உண்டு. மோனிக் இரண்டு நாள் வந்து எடுத்தார். நான்கு பக்கச் சம்மதப் படிவம் ஒன்று நீட்டினார். விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, படிக்காமலே போட்டுவிட்டது. என் சட்டைக் காலரில் பட்டாணி அளவில் ஒரு மைக் குத்தினார். வீட்டில் எப்போதும் போல இருங்கள், தமிழிலேயே பேசுங்கள், பிறகு நீங்களே எனக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும் என்றார்.

3

அந்த வாரம் எங்களுக்கு வேறு ஒரு வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஐ.டி.யில் இருக்கும் பலரைப் போல நாங்களும் இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதற்குப் பக்கத்து வீட்டில் செந்தில் என்று ஒரு தமிழர் இருக்கிறார். பழைய ஆட்கள் காலி செய்ததால் விளம்பரம் போட்டிருந்தோம். இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். முதல் ஆள் பேப்பர் சரியில்லை. இரண்டாவது ஒரு நர்ஸ், கறுப்பினத்தவர். எட்டு ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டைப் பார்க்க இருவரும் வந்திருந்தார்கள். வாசலில் என் செருப்பைப் பார்த்ததும் அந்த அம்மா தன் ஷூவைக் கழற்றினார், குழந்தையையும் கழற்றச் சொன்னார். நான் கேட்கவில்லை. குழந்தை சாக்ஸோடு மாடிக்கும் கீழுக்கும் மூன்று முறை ஓடியது.

மறுநாள் காலை எங்கள் அடுப்படியில் நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கேமரா ஹாலில் இருந்தபடி எங்களை எடுத்துக்கொண்டிருந்தது. காலரில் மைக் இருப்பது மறந்துவிட்டது. நினைவிருந்தாலும் பேசியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தமிழ் எங்களுக்கு இங்கே ஒரு கதவு மாதிரி. லிஃப்டில், கடையில், டாக்டர் அறையில், பக்கத்தில் நிற்பவரைப் பற்றியே அவர் முகத்துக்கு நேராகப் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்போம். இந்தப் பழக்கம் இல்லாத தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

"அந்த ரெண்டாவது அப்ளிகேஷன் பிளாக் ஃபேமிலிங்க. வேற ஆள் வந்தாச்சுன்னு மெயில் போட்டுருங்க."

"பேப்பரெல்லாம் பக்காவா இருக்கே? பழைய வீட்டுக்காரர் லெட்டர்கூட குடுத்திருக்காங்க."

"இருக்கட்டும். பக்கத்து வீடு செந்தில் வீடு. நாளைக்கு ஏதாவதுன்னா நம்மளைத்தான் கேப்பாங்க."

மனோகர் காபி டம்ளரை வாங்கிக்கொண்டார். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்றார். அன்று மத்தியானமே மெயில் போய்விட்டது. முதலில் சொன்னதும் நான், முடிவு செய்ததும் நான். இதை எழுதும்போது அந்தப் பழியில் பாதியை அவர் தலையில் வைக்க மனம் எத்தனை தடவை முயன்றது என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து மோனிக், வெட்டி ஒட்டிய படத்தோடு எக்செல் தாள் ஒன்றையும் அனுப்பினார். எந்த நிமிடத்தில் யார் பேசுகிறார்கள் என்று இடது பக்கம், ஆங்கிலத்தில் நான் எழுத வேண்டிய கட்டம் வலது பக்கம். படத்தின் நடுவில் அந்த அடுப்படிக் காட்சி. ஜன்னல் வெளிச்சம், நான் டவராவில் காபி ஆற்றுகிறேன், மனோகர் குனிந்து நிற்கிறார். 'நீங்கள் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் படத்திலேயே அன்பான இடம் இதுதான்' என்று பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தார்.

வெட்டிவிடச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பின்னணியில் வீணை மாதிரி ஏதோ வாத்தியம் வேறு ஓடியது, பேச்சு மெல்லத்தான் கேட்டது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அந்த மூன்று கட்டங்களை நிரப்பினேன்.

'இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவா?'

'வேண்டாம், இதுவே போதும்.'

'நாளுக்கு நாள் நீங்கள் இளைத்துக்கொண்டே போகிறீர்கள்.'

4

நூலகக் கூடத்தில் ஒலிபெருக்கி புதிது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் குரல் அறை முழுக்கக் கேட்டது. பிளாக் ஃபேமிலிங்க என்று நான் சொல்ல, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவா என்று திரை எழுதியது. மூன்றாவது வரியில் கூட்டத்தின் ஒரு பாதி சிரித்தது. மனோகர் இளைத்த ஆள் இல்லை, அதனால் நல்ல சிரிப்பு. சிரித்தவர்கள் வெள்ளையர்கள், கறுப்பினத்தவர்கள், ஒரு கொரியத் தம்பதி. மறு பாதி சிரிக்கவில்லை. எழுபது தமிழர்கள், ஒருவர்கூட இருமவில்லை. எனக்கு முன் வரிசையில் செந்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பின்கழுத்து மட்டும் சிவந்தது.

படம் முடிந்து நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். எங்கள் வட்டத்தில் எனக்கு வந்த அட்டையில், 'உங்களை யாராவது வாசலோடு திருப்பி அனுப்பியது உண்டா?' என்று இருந்தது. உண்டு. சென்னையில் முதல் வேலை கிடைத்த புதிதில் நானும் இன்னொரு பெண்ணும் வீடு தேடினோம். வீட்டுக்காரர் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், எந்தத் தெரு என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில், "தப்பா நினைக்காதீங்கம்மா, நீங்க எந்த ஆளுங்க?" என்றார். சொன்னேன். "அடடா, காலையிலதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்று எழுந்துவிட்டார். கூட வந்த பெண்ணின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதை அந்த வட்டத்தில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், குரல்கூடக் கொஞ்சம் உடைந்தது. பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மோனிக் எங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி அடுத்த வட்டத்தில் யாழினி குறிப்பு எடுக்கும் தொண்டராக உட்கார்ந்திருந்தாள். அவள் பேனா ஓடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், டோல்வே என்னும் சுங்கச்சாலையில் கார் ஏறியது. யாழினி பின் சீட்டிலிருந்து, "யூ ரோட் சுகர்" என்றாள். சர்க்கரை என்று எழுதிவிட்டாய் என்கிறாள்.

"சும்மா இரு கண்ணு, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றார் மனோகர்.

"அம்மா அந்தச் சென்னைக் கதையைச் சொல்லும்போது எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஐந்து நாள் என்னிடம் அவள் பேசியது உப்பு எங்கே, சார்ஜர் எங்கே என்ற அளவில்தான். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் என்னிடம் மரியாதையாக இருந்தாள், அதுதான் தாங்கவில்லை.

5

மறுநாள் காலையிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

"அக்கா, எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. ஆனா செமயா சமாளிச்சீங்க" என்றாள் தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் எடுக்கும் சுமதி.

"நான் உங்க இடத்துல இருந்திருந்தா மாட்டியிருப்பேன். நல்ல மூளை உங்களுக்கு" என்றார் ஒருவர். பேசிய யாருமே நான் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. தப்பு என்று நினைத்துக்கொண்டு எனக்காகப் பொய் பேசுகிறார்களோ என்று குரல்களை உன்னிப்பாகக் கேட்டேன். அப்படித் தெரியவில்லை.

பதினோராவதாகப் பேசியவர் செந்தில். "சிஸ்டர், எங்களை மனசுல வச்சுத்தானே அன்னைக்கு அந்த முடிவு எடுத்தீங்க. தேங்க்ஸ். நேர்ல சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் போன்ல சொல்றேன்."

போனை வைத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நர்ஸிடம் பொய் சொன்ன அன்று இல்லாத அவமானம், மூன்று வரி எழுதியபோது வராத அவமானம், செந்தில் நன்றி சொன்னதும் வந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அத்தனை தாமதமாகத்தான் வந்தது.

மோனிக்கின் படம் அடுத்த மாதம் கிழக்குப் பக்கம் ஒரு தேவாலயக் கூடத்தில், பிறகு நியூஜெர்சியில் பார்சிப்பனியில், அப்புறம் கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவில் என்று போக இருந்தது. போகிற ஊரெல்லாம் தமிழர்கள். போகிற ஊரெல்லாம் ஒரு பாதி சிரிக்கும், ஒரு பாதி வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த எக்செல் தாளை மறுபடி திறந்து மூன்று கட்டங்களையும் அழித்து, நாங்கள் பேசியதைப் பேசியபடியே எழுதினேன்.

மனோகர் பின்னால் நின்று படித்தார். "இது எழுத்துல இருந்தா என்ன ஆகும் தெரியுமா? வீட்டு வாடகைச் சட்டப்படி இது குத்தம். சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் வேற பாதில நிக்குது. அதுல குட் மாரல் கேரக்டர்னு ஒரு பக்கமே இருக்கு."

"அந்தப் பக்கத்தை எப்படி ஃபில் பண்றதுன்னுதான் எனக்கும் தெரியலை."

"உன்னைக் குத்திக் காட்டலை. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு வக்கீலைக் கேட்டோம். அவர் நீண்ட நேரம் பேசிவிட்டு, வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்றார். அதற்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டார். மறுநாள் மோனிக்கை ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லி, தாளை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அன்றைக்கு நான் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன்" என்றார். "உங்கள் ஆட்கள் யாருமே அந்த இடத்தில் சிரிக்கவில்லை. நான் வெட்டி ஒட்டியதில்தான் ஏதோ தவறு என்று இரண்டு வாரமாக அந்தக் காட்சியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அன்பான இடம் என்று எழுதியிருந்தேன் இல்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். காபியைத் தொடவில்லை. அன்று மாலை ஒரே ஒரு வரி மெயில் வந்தது: புதிய வரிகளோடு போடுகிறேன், நீங்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும்.

6

தேவாலயக் கூடத்தில் நாற்பது பேர். நம் ஆட்கள் யாரும் இல்லை. செய்தி முன்கூட்டியே போயிருந்தது. சுமதி மட்டும், "நம்ம வீட்டு விஷயத்தை எதுக்குக்கா அவங்க முன்னால போய்க் கொட்டணும்?" என்று கேட்டாள். செந்தில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார். மனோகர்தான் காரோட்டி வந்தார், காரிலேயே இருக்கிறேன் என்றார். யாழினி என் பக்கத்தில், ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள்.

அடுப்படி வந்தது. இந்த முறை திரையில் சரியாக இருந்தது. கூடத்தில் யாரும் திடுக்கிடவில்லை. மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தமாவது வரும் என்று நான் காத்திருந்தேன். அவர்கள் வானிலை அறிக்கை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன், மனோகர் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

இங்கே எல்லோரும் ஒரே பெரிய வட்டமாக உட்கார்ந்தோம், அட்டைகளை யாரும் எடுக்கவில்லை. நான் எழுந்து, திரையில் இருப்பது நான்தான், சொன்னதும் நான்தான், வெட்கப்படுகிறேன், மன்னித்துவிடுங்கள் என்று தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். எதிரே லொரெய்ன் என்ற அம்மா, என் வயதுதான், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நிதானமாகக் கேட்டார், "இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியாயிற்றா?"

"இல்லை."

"விலாசம் இல்லையா?"

"இருக்கிறது. விண்ணப்பத்தில் மெயில் இருக்கிறது."

"எங்கள் நாற்பது பேரிடம் சொல்வது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது" என்றார். குரலில் கோபம் இல்லை. "எங்களால் உங்களை மன்னிக்க முடியாது. எங்களுக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே." பிறகு அவர் வேறு ஒருவர் பக்கம் திரும்பி, அவருடைய கதையைக் கேட்க ஆரம்பித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எழுதினேன். ஒன்பது முறை அழித்தேன். சென்னைக் கதையை ஒரு பத்தி எழுதிப் பார்த்து அதை முதலில் நீக்கினேன். படத்தைப் பற்றியும் எழுதவில்லை. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'வேறு ஆள் வந்துவிட்டதாக உங்களுக்கு எழுதியது பொய். உங்கள் விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கறுப்பினத்தவர் என்பதால் வீட்டைக் கொடுக்கவில்லை. முடிவு என்னுடையது. நீங்கள் புகார் செய்ய நினைத்தால் இந்தக் கடிதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.' கடைசி வாக்கியத்தைப் படித்ததும் மனோகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலிலிருந்து மறுபடி படித்துவிட்டு, "அடில என் பேரையும் போடு. மெயில் போனது என் ஐடிலேருந்துதானே" என்றார்.

பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வக்கீல் நோட்டீஸ் இருக்குமோ என்று முதலில் தேடினேன். வந்தது மெயில்தான். அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன், இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றாமல்.

'உங்கள் கடிதம் கிடைத்தது. வேறு ஆள் யாரும் வரவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். விளம்பரத்தை எடுக்க நீங்கள் மறந்துவிட்டீர்கள். அது மூன்று வாரம் அப்படியே இருந்தது. என் மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அதிலிருந்த வீட்டுப் படங்களைத் திறந்து பார்ப்பாள். மாடியில் எந்த அறை தன்னுடையது என்று முடிவு செய்து, கட்டிலை எங்கே போடுவது என்று வரைந்து வைத்திருந்தாள். வீடு இன்னும் காலியாக இருக்கிறதே, நமக்கு ஏன் தரவில்லை என்று கேட்டாள். அவளுக்கு அப்போது நான் ஒரு பொய் சொன்னேன். அதை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.'

மன்னித்தேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. யாழினி சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.